அடைமழையிலும் மார்கழிப் பனியிலும் எலிப்பொறி: அடியில் எதைப் போடுவது, மேலே எதை மூடுவது

கார் நெல் பருவத்தில் எலி விழுந்த அதே பொறி, மழையோடு தொடங்கும் பிசான நெல் பருவத்தில் ஏமாற்றிவிடும். பொறியும் அதுதான், இரையும் அதுதான், வைத்த ஆளும் அதே ஆள்தான். மாறுவது தரை. ஆனி ஆடியில் காற்றும் காய்ந்த வரப்புமாக இருந்த இடம், ஐப்பசி பிறந்ததும் சொதசொதவென்று ஆகிவிடும். பொறி ஒரு பக்கமாகப் புதையும், எலி தொட்டதும் கம்பியை விடுவிக்கும் விசைக்கு அடியில் சேறு ஏறும், மரப்பலகை ஊறி உப்பும், இரை பூசணம் பிடிக்கும். காலையில் போய்ப் பார்த்தால் இரையைத் தின்றுவிட்டு எலி போயிருக்கும். பொறி வாயைப் பிளந்தபடியே கிடக்கும்.

தாமிரபரணிப் பாசனத்தில் முதல் தடவையாகப் பிசானம் வைக்கிறவர்கள் இரையைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். கருவாடா, கொப்பரையா, பொரியா என்று. எனக்கு அது இரண்டாம்பட்சம். மழைக்காலத்தில் எலி விழுவதும் விழாததும் பொறிக்கு அடியில் போடும் மெத்தையிலும் மேலே போடும் மூடாக்கிலும்தான் இருக்கிறது. அதை மட்டும் இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம்

இது வயல் எலிக்கான வழிகாட்டி. காட்டுப்பன்றி, மிளா, முயல், கீரி, உடும்பு, மயில் எதற்கும் பொறி வைக்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். பாபநாசம், மணிமுத்தாறு, களக்காடு மலையடிவாரத்து வயல்காரர்களுக்குப் பன்றித் தொல்லை எவ்வளவு என்பது தெரியும். ஆனாலும் கம்பிச் சுருக்கும் பல் வைத்த இரும்புப் பொறியும் வழியல்ல. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தை ஒட்டி வைக்கிற சுருக்கில் எது வந்து மாட்டும் என்று வைத்தவருக்கே தெரியாது. பன்றிக்கு வனத்துறையிடம்தான் போக வேண்டும்.

எலிப்பொறியிலும் இதே கவனம் வேண்டும். பனிக்காலம்தான் கூந்தன்குளத்துக்கும் சுற்றியுள்ள குளங்களுக்கும் வெளிநாட்டுப் பறவைகள் வரும் காலம். அவை குளத்தோடு நிற்பதில்லை, வயலிலும் இறங்கி மேயும். கொக்கும் மைனாவும் எப்போதும் உண்டு. திறந்து வைத்த பொறி இவற்றின் காலை முறிக்கும். எலியைப் பிடித்துத் தின்று நமக்குச் சம்பளமில்லாமல் வேலை பார்க்கிற சாரைப்பாம்பும் ஆந்தையும்கூட மாட்டும். ஆகவே நான் மூடாக்கு என்று சொல்வது மழைக்காக மட்டும் இல்லை.

எந்தப் பொறி

நம் பக்கம் மூன்று வகை புழங்குகிறது. மூங்கிலை வளைத்துக் கயிறு கட்டிய வில் கிட்டி. இதைத்தான் தஞ்சாவூர் கிட்டி என்பார்கள். பலகையில் சுருள்கம்பி வைத்த அடிக்கிற பொறி. அப்புறம் கம்பிக்கூண்டு. பசை தடவிய அட்டையை வயலுக்குக் கொண்டுவர வேண்டாம். ஈரத்தில் எலி ஒட்டாது, அரணையும் குருவியும்தான் ஒட்டிக்கொண்டு சாகும். பானையைப் புதைத்து வைப்பதும் மழைக்காலத்துக்கு ஆகாது. ஒரு நல்ல மழை பெய்தால் பானை நிரம்பிவிடும், உள்ளே தவளைதான் கிடக்கும்.

மெத்தையும் மூடாக்கும் அதிகம் தேவைப்படுவது அடிக்கிற பொறிக்குத்தான். இனிச் சொல்வதில் பெரும்பகுதி அதற்கே.

இடம் பார்ப்பது

சாயங்காலம் வரப்பில் உள்ள எலி வளை வாய்களையெல்லாம் சேற்றால் அடைத்துவிடுங்கள். மறுநாள் காலை திறந்து கிடக்கும் வாய்தான் எலி குடியிருக்கும் வளை. புது மண்ணை வெளியே தள்ளியிருக்கும். அங்கிருந்து வயலுக்குள் போகும் தடத்தைப் பாருங்கள்: புல் படிந்து, வழவழவென்று ஒரு கோடு போல இருக்கும். எலி வரப்பின் உச்சியில் ஓடுவதை விடச் சரிவோரமாக ஒட்டி ஓடுவதே அதிகம். பொறியும் அந்தச் சரிவோரம்தான் இருக்க வேண்டும். வரப்பு உச்சி ஆள் நடக்கும் பாதை. வெறுங்காலோடு வருகிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடைமழை நாட்களில் தாழ்ந்த வரப்பு வளைகளில் தண்ணீர் புகுந்துவிடும். எலிகள் வாய்க்கால் கரைக்கும் களத்துமேட்டுக்கும் உயரமான பெருவரப்புக்கும் ஏறிவிடும். அந்த நாட்களில் பொறியையும் அங்கே மாற்ற வேண்டும். மேட்டில் வைத்தால் மெத்தை வேலையும் பாதி குறைந்துவிடும்.

அடி மெத்தை

அடி மெத்தைக்கு இரண்டு வேலை: பொறி ஆடக் கூடாது, தண்ணீர் நிற்கக் கூடாது. இதில் முதலாவதைப் பலர் கவனிப்பதில்லை. எலி முன்காலை வைத்துப் பார்க்கும்போது பலகை ஒரு நெல்மணி அளவு அசைந்தாலும் பின்வாங்கிவிடும். எங்கள் பக்கம் கிட்டி வைக்கிற பெரியவர் ஒருவர் பிள்ளைகளுக்குச் சொல்வார்: “ஏலே, கிட்டிய வச்சுட்டு நாலு பக்கமும் விரல வச்சு அமுக்கிப் பாரு. ஒரு பக்கம் ஆடுச்சுன்னா எடுத்துட்டுத் திரும்ப வையி.”

என்ன போடலாம்? ஆற்றங்கரை வண்டல், மானூர் பக்கத்துக் கரிசல், நாங்குநேரி ராதாபுரம் பக்கத்துச் செம்மண் என்று நிலத்துக்கு நிலம் பதில் மாறும். ஆனால் சோதனை ஒன்றுதான். போட நினைக்கும் பொருளில் ஒரு கைப்பிடி எடுத்து, தண்ணீரில் நனைத்து, இறுக்கிப் பிடித்து, கையைத் திறந்து பாருங்கள். கரிசல் கொழுக்கட்டை போல உருண்டு விரல் ரேகையோடு நிற்கும். அது ஆகாது. வண்டல் உருண்டு, மெல்லத் தட்டினால் இரண்டாக உடையும். அதையும் தவிர்க்கலாம். பரும்மணல் கையைத் திறந்ததுமே சரிந்துவிடும். அதுதான் வேண்டும். கூடவே ஒரு சிரட்டையில் (கொட்டாங்குச்சியில்) கண் திறந்து, பொருளைப் போட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் தேங்காமல் இறங்கிவிட்டால் நல்லது. மேலே குட்டை கட்டினால் அதே குட்டை நாளை உங்கள் பொறிக்கு அடியிலும் கட்டும்.

பரும்மணலுக்காக ஆற்றில் இறங்கி அள்ள வேண்டாம். வீடு கட்டிய இடத்தில் மிஞ்சிக் கிடக்கும் மணலைச் சலித்து, சல்லடையில் நிற்கும் பருக்கையை எடுத்துக்கொண்டால் போதும். எம்-சாண்டும் ஆகும், ஆனால் அதிலிருக்கும் மாவுத்தூளைக் கழுவி நீக்கிவிட்டுக் காயவைக்க வேண்டும். அந்தத் தூள்தான் ஈரத்தில் கட்டிபிடிக்கும். தேரி எனும் செம்மணல் மேட்டு மணல் நன்றாகத் தண்ணீர் இறக்கும் என்று சிலர் மூடை கட்டி வருகிறார்கள். குதிரைமொழித் தேரி போன்றவை வனத்துறை இடங்கள், அங்கே கை வைக்கக் கூடாது. தவிர அந்த மணல் பொடியானது, பெருமழையில் அரித்துப் போய்விடும்.

உடைந்த செங்கல், ஓட்டுத்துண்டு, சரள் எல்லாம் அடி அடுக்குக்கு அருமை. பாக்கு அளவுக்கு உடைத்துக்கொள்ளுங்கள்.

எவை ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தென்னைநார்க் கழிவு தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். தோட்டத்துக்கு அது வரம், பொறிக்கு அடியில் சனியன். வைக்கோல் ஊறி அழுகும், கம்பியில் சிக்கும். மரத்தூளும் ஊறும். உமிச்சாம்பல் முதல் நாள் உலர்ந்து அழகாக இருக்கும், ஒரு தூறல் விழுந்தால் பசையாகிப் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். தவிடு எறும்பைக் கூட்டும். பதரைப் போடவே கூடாது; அதில் அரைகுறையாக முற்றிய நெல் இருக்கும், எலி பொறியைச் சுற்றி உட்கார்ந்து அதையே கொறித்துவிட்டுப் போய்விடும். நிலக்கடலைத் தோட்டிலும் இதே சிக்கல்.

உப்பைப் பற்றியும் கேட்கிறார்கள். பனி உறையும் நாடுகளில் பொறியைச் சுற்றிய மண் ராத்திரியில் கல்லாக இறுகிவிடும். அங்கே ஈரமில்லாத மண்ணைக் கோடையிலேயே சேர்த்து வைப்பதும், மெழுகு பிடித்த மண்ணைப் போடுவதும், உறையாமலிருக்க உப்பு கலப்பதும் உண்டு. நமக்கு உறைபனி கிடையாது, உப்புக்கும் இங்கே வேலை கிடையாது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கம்பியையும் துரு ஏற்றும். ஆனால் கோடையிலேயே மணலைக் காயவைத்துச் சேர்ப்பது நாமும் செய்ய வேண்டிய வேலை. சித்திரை வெயிலில் உலர்த்திய மணல் ஒரு மூடை வீட்டுப் பரணில் இருந்தால் ஐப்பசியில் அலைய வேண்டாம். யூரியா வந்த சாக்கைக் கழுவாமல் அதில் கொட்டி வைக்காதீர்கள். ஒட்டியிருக்கும் யூரியா ஈரத்தை இழுத்து மணலை நனைத்துவிடும்.

குழி எடுத்து வைக்கும் முறை

பலகையின் நீள அகலத்தை விடச் சுற்றிலும் இரண்டு விரல் கூடுதலாக, மூன்று விரல் ஆழத்தில் களைக்கொத்தியால் ஒரு குழி எடுங்கள். தாழ்வான பக்கத்தில் விரல் அகலத்துக்கு ஒரு சிறு வாய்க்கால் கீறிவிடுங்கள், தண்ணீர் அந்த வழியாக வடியட்டும். இந்தக் கீறல் இல்லாவிட்டால் என்ன மெத்தை போட்டும் பயனில்லை. குழி ஒரு கிண்ணமாகத்தான் இருக்கும்.

அடியில் ஒரு விரல் உயரத்துக்குச் செங்கல் சில்லு. அதன்மேல் பரும்மணல். கையால் தட்டி இறுக்குங்கள். கரிசலில் இது போதாது. கரிசல் ஊறி எழும்பும்போது சில்லும் மணலும் உள்ளே அமுங்கிவிடும். அங்கே குழியின் அடியில் முதலில் ஒரு தட்டை ஓடோ, பனைமட்டையை நீளவாக்கில் பிளந்த துண்டோ பதித்து, அதன்மேல் அடுக்க வேண்டும். செம்மண்ணில் சில்லு இல்லாமல் மணல் மட்டுமே போதும், தண்ணீர் தானாக இறங்கிவிடும்.

பொறி தரைமட்டத்துக்கு அரை விரல் மேலே நிற்கட்டும். விசை இருக்கும் முனை எலித்தடத்தைப் பார்த்திருக்க வேண்டும், பலகை தடத்துக்குக் குறுக்கே. நான்கு மூலையையும் அமுக்கிப் பாருங்கள். ஒரு முளைக்குச்சி அடித்துப் பொறியைக் கம்பியால் கட்டுங்கள். இல்லையென்றால் நாய் இழுத்துப் போகும், அல்லது மடை திறந்த தண்ணீர் அடித்துப் போகும்.

விசைக்கு அடியில் மணல் புகாமல் பார்ப்பது தனி வேலை. ஒரு மணல் பருக்கு மாட்டினாலும் விசை இறங்காது. வாழைச்சருகில் உள்ளங்கை அளவு கிழித்து விசைக்கு அடியில் சொருகிவிடுங்கள். சேரன்மகாதேவியிலிருந்து ஏரல் வரை ஆற்றோரம் வாழைதானே, சருகுக்குப் பஞ்சமில்லை. அது மெலிசு, தண்ணீர் ஒட்டாது, மடங்கினால் முறியாது. பிளாஸ்டிக் தாள் வைக்கலாம்தான், ஆனால் காற்றில் சரசரக்கும். நான் சருகைத்தான் வைப்பேன்.

மேல் மூடாக்கு

இதில் இரண்டு அடுக்கு. பொறியின்மேல் தூவுவது ஒன்று. பொறிக்குமேல் கூரையாக நிற்பது மற்றொன்று.

தூவுவதற்கு உமி. நெல்லுமியில் மணற்சத்து அதிகம், சட்டென்று தண்ணீர் குடிக்காது, கட்டிபிடிக்காது, எடையும் இல்லை. அரவை மில்லில் வாங்கி, புடைத்து, குருணையும் தவிடும் போக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள். ஆனால் உமி மிதக்கும், காற்றுக்குப் பறக்கும். அதனால் இரண்டு பங்கு காய்ந்த மணலுக்கு ஒரு பங்கு உமி என்று கலந்துகொள்வது நல்லது. பலகை மறையும் அளவுக்கு மட்டும் தூவினால் போதும். குவித்தால் கம்பி விழும் வேகம் குறையும், எலி தப்பிவிடும்.

எலி புதுச் சாமானைக் கண்டால் சில நாள் ஒதுங்கிப் போகும். ஆகவே பொறி வைக்கிற அன்றைக்கே உமியைக் கொண்டு கொட்டாமல், இரண்டு மூன்று நாள் முன்பே அந்த இடத்தில் கலவையைத் தூவி, கூரையையும் வைத்து, கொஞ்சம் இரையும் போட்டுப் பழக்குங்கள். உமியில் காலடி பதிந்திருப்பது தெரிந்த பிறகு பொறியை விசையேற்றி வையுங்கள்.

கூரைக்கு என் முதல் தேர்வு நாட்டு ஓடு. பழைய வீடு இடித்த இடங்களில் அரைவட்ட ஓடுகள் குவிந்து கிடக்கும், கேட்டால் சும்மாவே தருவார்கள். ஆனால் ஓட்டை அப்படியே பொறிமேல் கவிழ்த்துவிட்டால், கம்பி எழும்பி விழ இடமிருக்காது. ஓட்டின் உள்பக்கம் தட்டி நின்றுவிடும். பொறியின் இரண்டு பக்கமும் முழுச் செங்கல் ஒன்றைப் படுக்கவைத்து, அவற்றின்மேல் ஓட்டைக் கவிழுங்கள். பிறகு ஒரு குச்சியால் விசையைத் தட்டிப் பாருங்கள். கம்பி எங்கும் உரசாமல் ‘டக்’ என்று விழ வேண்டும். உரசினால் செங்கலை இன்னும் உயர்த்துங்கள். இரண்டு முனையிலும் எலி நுழையும் அளவுக்கு மட்டும் இடம் விட்டு, மீதியைக் கல்லால் அடைத்துவிடுங்கள். கொக்கின் கழுத்தோ மைனாவோ நுழைய முடியாது, ஆட்டின் காலும் படாது. எலிக்கும் இருட்டான, இரண்டு பக்கமும் சுவர் உள்ள வழி பிடிக்கும். திறந்த வெளியில் இருப்பதை விட இதற்குள் தயங்காமல் நுழையும்.

ஓடு கிடைக்காத இடத்தில் பனையோலை. குருத்தோலை வேண்டாம், முற்றிய சாரோலையாகப் பாருங்கள். தண்ணீர் வழிந்து ஓடிவிடும், ஒரு பருவத்துக்குக் கெடாது. மடக்கிக் கூரை போல நிறுத்தி, இரண்டு பக்கமும் குச்சி அடித்துக் கட்டுங்கள். தென்னந்தோப்போரம் வைப்பவர்கள் பிளந்த கதம்பையை (தேங்காய் மட்டையை) கவிழ்த்து வைக்கிறார்கள். அது ஓரிரு வாரத்துக்குத்தான், ஊறினால் கனத்துச் சரிந்துவிடும். தகரம் வெயில் நேரத்தில் சுடும், மழையில் சத்தம் போடும். அதை நான் சொல்லமாட்டேன்.

வில் கிட்டிக்கு இந்தக் கூரை ஒத்துவராது, அது நிமிர்ந்து நிற்பது. அதற்கு முக்கியம் காலூன்றும் மண் கெட்டியாக இருப்பதுதான். வயல் சேற்றில் குத்தாமல் வரப்பில் குத்துங்கள். மூங்கில் நாள்கணக்கில் ஊறினால் வில்லின் விறைப்பு போய்விடும், ஆகவே காலையில் பிடுங்கி நிழலில் உலர்த்திச் சாயங்காலம் திரும்ப வையுங்கள். சணல் கயிறு நனைந்தால் சுருங்கி இறுகும், நைலான் லேசாக நெகிழும். எதைக் கட்டியிருந்தாலும் மழைக்குப் பிறகு இழுத்துப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். கூண்டுக்கு மேலே ஓலை மூடினால் போதும்.

பனி பெய்யும்போது

மார்கழி, தை வேறு மாதிரி. மழை விட்டிருக்கும், ஆனால் விடிகாலையில் வரப்புப் புல்லெல்லாம் சொட்டச்சொட்ட நனைந்திருக்கும். ஈரம் மேலிருந்து மெல்ல இறங்கும். பயிரும் அப்போது பொதி கட்டும் (தண்டுக்குள் கதிர் உருவாகும்) நேரம், எலி தூரைச் சாய்வாக வெட்டிப்போடும் சேதம் பெரிதாகத் தெரிவதும் அப்போதுதான். அடி மெத்தையைப் பற்றி இனி அவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை, மேலே தூவியதைத்தான் அடிக்கடி மாற்ற வேண்டும். காலை வெயில் ஏறியதும் ஓட்டைத் தூக்கி, நனைந்த உமியை ஒதுக்கி, காய்ந்ததைத் தூவுங்கள்.

மெழுகு மணல் இந்த நாட்களுக்கு நன்றாகப் பயன்படும். காய்ந்த மணலை இரும்புச் சட்டியில் நன்றாகச் சூடாக்கி, அடுப்பிலிருந்து இறக்கிவைத்து, மெழுகுவத்தியைச் சீவிப்போட்டு, ஆறும் வரை கிளறிக்கொண்டே இருங்கள். அடுப்பில் இருக்கும்போது மெழுகைப் போடாதீர்கள், பற்றிக்கொள்ளும். ஆறிய மணல் பொலபொலவென்று இருக்க வேண்டும், அதன்மேல் தெளித்த தண்ணீர் முத்து முத்தாக நிற்க வேண்டும். மணல் பிசுபிசுத்தால் மெழுகு கூடிவிட்டது, இன்னும் மணல் சேர்த்துச் சூடாக்குங்கள். மெழுகு வாடை போக நாலைந்து நாள் காற்றாட வைத்துவிட்டுப் பயன்படுத்துவது நல்லது.

கம்பிக்கும் சுருளுக்கும் எண்ணெய் போடுவதிலும் பனிக்காலத்தில் ஒரு விஷயம் உண்டு. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறைய ஆரம்பிக்கும். மார்கழி ராத்திரியில் பாட்டிலில் கட்டியாக நிற்பது விசையின் மூட்டிலும் கெட்டியாகத்தான் நிற்கும். நல்லெண்ணெய் நாளாக ஆகப் பிசின் பிடிக்கும். விளக்கெண்ணெயைத் துணியில் தொட்டு மெலிசாகத் துடைத்துவிடுவதுதான் சரி. கிரீஸும் மண்ணெண்ணெயும் வாடை அடிக்கும், அவை வேண்டாம்.

கையும் காலும்

மழைக்காலத்தில் எலி வேலை பார்ப்பவர்கள் எலிக்காய்ச்சலுக்குப் பயப்படத்தான் வேண்டும். எலியின் சிறுநீரில் இருக்கும் கிருமி சேற்றிலும் தண்ணீரிலும் கலந்து, காலில் உள்ள வெட்டு, சிராய்ப்பு, சேற்றுப்புண் வழியாக உடம்புக்குள் போகும். ஈரமான மெத்தையும் உமியும் அந்தக் கிருமிக்குத் தோதான இடம். காய்ந்துவிட்டால் அது பிழைக்காது. எலி விழுந்த பொறியை ரப்பர் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். அந்தப் பொறியைச் சுற்றி இருந்த உமியையும் மேல் மணலையும் வாரி, செத்த எலியோடு சேர்த்து இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். வாய்க்காலில் வீசுவது பெரும் தப்பு, கீழ்மடைக்காரர்கள் அந்தத் தண்ணீரில்தான் கால் வைக்க வேண்டும். அடியிலுள்ள செங்கல் சில்லைக் கழுவி வெயிலில் உலர்த்தித் திரும்பப் பயன்படுத்தலாம்.

வேலை பார்த்த சில நாளில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் மாத்திரைக் கடைக்குப் போகாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வயலில் எலிப்பொறி வைத்ததை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் மருந்தில் சரியாகிவிடும்.

மழை வெளுத்து வாங்கும் என்று அறிவிப்பு வந்தால் பொறிகளை மொத்தமாக எடுத்துவிடுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளம் போல ஒன்று வந்தால் முளைக்குச்சியும் நிற்காது, ஓடும் நிற்காது; விசையேற்றிய பொறி எங்கோ போய் யார் காலடியிலோ சேற்றுக்குள் கிடக்கும். வைத்த இடத்தில் எல்லாம் ஒரு நீளக் குச்சி நட்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டி வையுங்கள். எடுக்கும்போது அதை எண்ணிப் பார்த்து எடுக்கலாம். அறுப்புக்குத் தண்ணீர் வடிக்கும் நாளிலும் அதே போல எண்ணி எடுத்த பிறகுதான் ஆட்களையோ மிஷினையோ இறக்க வேண்டும்.